பள்ளிக்கூடம் புகாத கதைகள்

தமிழில் இளையோர்க்கென்று எழுதப்பெற்ற புதினங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிவைத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை விரைவிலேயே புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை கோடை விடுமுறையில் நிகழ்கின்றன. தேர்வு முடிந்த மறுநாள் கதை தொடங்கும். பிள்ளைகள் மாமா வீட்டுக்கோ தாத்தாவின் கிராமத்துக்கோ புறப்படுவர். பாழடைந்த மண்டபம், நள்ளிரவில் தெரியும் விளக்கொளி, கடத்தல்காரர் கூட்டம், இறுதியில் காவல்துறை அதிகாரியின் பாராட்டு என்று கதை ஓடிப் பள்ளி திறக்கும் நாளில் முடிந்துவிடும். படிக்கும் பிள்ளையோ ஆண்டில் ஏறத்தாழ இருநூறு நாள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இருநூறு நாளும் கதைக்குள் வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் பள்ளி ஒரு நாடகத் திரைபோலப் பின்னால் தொங்கும். அங்கே ஆசிரியர் எப்போதும் அன்பே உருவானவர். வகுப்பில் ஒரு நல்லவன், ஒரு பொல்லாதவன். ஆண்டு விழாவுக்குள் பொல்லாதவன் திருந்திவிடுவான்.

பள்ளியைப் பற்றிச் சொல்லத் தமிழர்க்கு ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. தன்வரலாறு எழுதியபோதும், பெரியோர்க்கான சிறுகதை எழுதியபோதும் நம்மவர் பள்ளியை உள்ளும் புறமும் காட்டியிருக்கின்றனர். பிள்ளைகளுக்கென்று எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா தயங்கியது. அந்தத் தயக்கத்தின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிச் சென்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நம்முள் பாதிப்பேர் ஆசிரியர்கள். மீதிப்பேர் ஆசிரியரிடம் அடிவாங்கியவர்கள். இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

திண்ணையும் பிரம்பும்

சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுட் பல திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை, வாய்ப்பாடு, நிகண்டு, சதகம் என்று கல்வி நடந்தது. ஆசிரியர் ஒருவரே, அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை. முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறையை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து பெயர்பெற்றான். நம் கதைகளில்தான் அவனுக்கு இடமில்லை.

அத்திண்ணையை நமக்குக் காட்டியவர் உ.வே. சாமிநாதையர். 1940 முதல் 'ஆனந்த விகடன்' இதழில் வெளிவந்து, 1950-இல் நூலான 'என் சரித்திரம்' தமிழில் பள்ளியைப் பற்றிய முதல்தரமான ஆவணம் என்பது என் துணிபு. விடியற்காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளைக்கு 'வேத்தான்' என்று பெயர். அவனுக்கு அடி இல்லை. பின்னால் வருவோர்க்கு வரிசைப்படி அடி உண்டு. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் ஒப்பிக்கவேண்டும். கொடுமையும் கவிதையும் ஒரே திண்ணையில் இருந்தன. ஐயர் இரண்டையும் சொன்னார். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் எழுதியது பிள்ளைகளுக்காக அன்று என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

புதினம் தோன்றியபோதும் பள்ளி உடனிருந்தது. நம் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தொடக்கத்திலேயே கல்வியைப் பேசுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையை அடிக்கக்கூடாது. ஆகவே பிரதாபன் செய்யும் பிழைக்கு உடன் பயிலும் கனகசபை அடிவாங்குகிறான். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சி இது. நாமும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆயினும், வகுப்பறையில் பிரம்பு யார் முதுகில் விழும் என்பதை அடிவாங்குபவனுடைய பிழை தீர்மானிப்பதில்லை, அவன் வீடு தீர்மானிக்கிறது என்பதைத் தமிழின் முதற் புதினமே கண்டு சொல்லிவிட்டது. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். தண்டனை யாருக்குப் போய்ச்சேரும் என்பதை நன்கறிந்தவர்.

அடுத்து வந்த அ. மாதவையா 'பத்மாவதி சரித்திர'த்தில் நாராயணன், கோபாலன் என்னும் இரு மாணவரை முன்னிறுத்தி, ஆங்கிலக் கல்வி தேடி ஊர்விட்டு ஊர் போகும் பிள்ளைகளின் வாழ்வைக் காட்டினார். 1903-இல் வந்த 'முத்துமீனாட்சி'யில் கல்விக்கும் பெண்ணுக்கும் இடையே எழும்பிய சுவரைக் காட்டினார். இவையும் வளர்ந்தோர்க்கான நூல்களே.

இங்கிலாந்தில் நிலை வேறு. 1857-இல், நம் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில், தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' வெளிவந்தது. ரக்பி பள்ளியின் விடுதி வாழ்க்கை, மூத்த மாணவர் இளையவரை வதைத்தல், தலைமையாசிரியர் ஆர்னால்டின் ஒழுக்கம் ஆகியவற்றைச் சொல்லும் அந்நூலிலிருந்து 'பள்ளிக் கதை' என்று ஒரு தனி இனமே கிளைத்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்குப் பின் எனிட் பிளைட்டன் 'மாலரி டவர்ஸ்' வரிசையை எழுதியபோது அந்த இனம் இனிப்பு மிட்டாயாகிவிட்டது. நம் கன்டோன்மெண்டுப் பகுதி வாடகை நூலகங்களில் ஒரு தலைமுறைக் கான்வென்ட் மாணவியர் விழுந்து விழுந்து படித்தது இதைத்தான். நள்ளிரவு விருந்து, லாக்ராஸ் ஆட்டம், கடற்கரைப் பாறை நீச்சல்! பொன்மலையில் குடியிருந்த ரயில்வே ஊழியர் மகளுக்கு அந்தப் பள்ளி பழக்கமாயிருந்தது. தான் படித்த பள்ளியை எந்த நூலிலும் அவள் கண்டதில்லை.

இதழ்களின் பொற்காலம்

பிள்ளைகளுக்கான தமிழ் இதழ் 1840-இல் வந்த 'பாலதீபிகை'யிலிருந்து தொடங்குகிறது என்பர். ஆயினும் இளையோர் புனைவு தழைத்தது நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித்தான். 1947-இல் 'அம்புலிமாமா', 1948-இல் தமிழ்வாணனின் 'கல்கண்டு', 1950-இல் ஆர்வியை ஆசிரியராகக் கொண்ட 'கண்ணன்' என்று இதழ்கள் வரிசையாய் எழுந்தன. அதே 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். வள்ளியப்பா இராயவரத்துக்காரர், வாண்டுமாமா அரிமளத்துக்காரர். இருவருமே நம் பக்கத்துப் புதுக்கோட்டை மண்ணின் மக்கள். 1972-இல் 'கோகுலம்' வந்தது. அவ்வாண்டிலேயே முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. இவற்றின் கொடை பெரிது. மாணவரைப் படிக்கும் பழக்கத்திற்கு இழுத்துவந்தவை இவையே. இவற்றைப் படித்து வளர்ந்தவள் என்ற முறையில் நன்றியோடுதான் குறை சொல்லத் துணிகிறேன்.

இவ்விதழ்களில் பள்ளி ஏன் வெளிறிப்போயிற்று? விடையை எழுத்தாளரின் ஆற்றலில் தேடுவது வீண். நூலை வாங்குபவர் யார் என்று பார்க்கவேண்டும். சிறுவர் நூலைச் சிறுவர் வாங்குவதில்லை. தந்தை வாங்குகிறார்; அவரைவிடப் பெரிய வாங்குநர் நூலகத் துறை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திற்குப் பின் தமிழ்ப் பதிப்பகங்களின் உயிர்மூச்சாக இருந்து வருவது நூலக ஆணை. அதற்கும் மேலே பள்ளித் துணைப்பாடம், நாம் நான்-டீடெய்ல் என்று சொல்லிப் பழகியது. ஒரு கதைநூல் துணைப்பாடமாகிவிட்டால் எழுத்தாளர் வீட்டில் ஓரிரண்டு ஆண்டுக்கு விளக்கெரியும். அந்த ஏற்பைப் பெறவேண்டிய நூலில் கையூட்டுக் கேட்கும் தலைமையாசிரியரோ, சாதி பார்த்துத் தண்ணீர் ஊற்றும் பள்ளியோ எப்படி இடம்பெறும்? எழுத்தாளர் பலர் தாமே ஆசிரியர், அரசு ஊழியர். யாரும் தடை விதிக்கவில்லை. விதிக்கவேண்டிய தேவையே எழவில்லை. எழுதுகிறவர் கையே தானாக ஒதுங்கிச் சென்றது. விடுமுறையில் நிகழும் மர்மக் கதை எல்லார்க்கும் பாதுகாப்பானது. கடத்தல்காரன் எந்தக் குழுவிலும் உறுப்பினனல்லன். அவனுக்காக யாரும் வருந்தமாட்டார்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அம்பை தம் பதின்பருவத்தில் 'நந்திமலைச் சாரலிலே' என்ற துப்பறியும் புதினத்தைக் 'கண்ணன்' இதழின் போட்டிக்கு எழுதி முதற்பரிசு பெற்றார். பத்தாண்டு கழித்து 1971-இல் அவரே 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதையை எழுதினார். பூப்பெய்தும் ஒரு சிறுமியின் அச்சம், அவளை அணைக்கவேண்டிய தாயின் ஒரு சொல் அவளுக்குள் எதைக் கொன்றது என்பது அக்கதை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்தக் கதை வேண்டியிருந்தது? இரண்டும்தான் என்பேன். ஆனால் முதற்கதைதான் அவள் கைக்குக் கிடைத்தது. இரண்டாவது அவள் கல்லூரிக்கு வந்து, அதுவும் தமிழ் இலக்கியம் எடுத்தால், பாடத்திட்டத்தின் வழியாக வந்து சேர்கிறது. அதற்குள் அவளோடு படித்தவர்களுள் எத்தனையோ பேர் பூப்பெய்திய கையோடு பள்ளியை விட்டு நின்றிருப்பர்.

நல்ல பிள்ளையும் கெட்ட பிள்ளையும்

டாக்டர் மு.வ.வைப் பற்றி இவ்விடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற 'அகல் விளக்கு' தமிழ்நாட்டு மாணவர் பலர் தாமாகத் தேடிப் படித்த புதினம். அழகும் அறிவும் மிக்க சந்திரன் வீழ்கிறான். நடுத்தர மாணவனான வேலய்யன் அகல்போல நின்றெரிகிறான். முதல் மதிப்பெண் வாங்குபவனைக் கதைத்தலைவனாக்காமல் சராசரி மாணவனைக் கதைசொல்லியாக்கியது பெரிய துணிவு. ஆயினும் அங்கும் பள்ளி ஓர் அறத் தராசாகவே இருக்கிறது. இருவருள் யார் உயர்ந்தவர் என்று நிறுத்துப்பார்க்கவே அது பயன்படுகிறது. மு.வ. இத்தராசை நுட்பமாகப் பிடித்தார். அவருக்குப் பின்வந்தவர் நுட்பத்தை விட்டுவிட்டுத் தராசை மட்டும் எடுத்துக்கொண்டனர். நல்லவன், கெட்டவன் என்ற இரட்டை சிறுவர் கதைகளில் ஓர் அச்சுவார்ப்பாகவே ஆகிவிட்டது. மாநிலத்தில் முதலிடம் பெறுவது நல்லவனுக்குரிய பரிசாயிற்று. நாளிதழில் முதல் மதிப்பெண் பெற்றவரின் படம் வருவதை 2017-இல் அரசே நிறுத்திவிட்டது. கதைகளில் அந்தப் படம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இதே காலத்தில் பெரியோர்க்கான சிறுகதையில் நடந்தது என்ன? தி. ஜானகிராமன் பள்ளியாசிரியராகப் பணியாற்றிவிட்டு வானொலியின் பள்ளி ஒலிபரப்புக்குச் சென்றவர். அவருடைய 'முள்முடி' கதையில் அனுகூலசாமி என்னும் ஆசிரியர் முப்பத்தாறாண்டுப் பணியில் ஒரு மாணவனையும் அடித்ததில்லை என்ற பெருமையோடு ஓய்வு பெறுகிறார். பாராட்டெல்லாம் முடிந்து வீட்டிலிருக்கும்போது ஒரு மாணவனும் அவன் தாயும் வருகின்றனர். புத்தகம் திருடிய குற்றத்துக்காக அவனோடு யாரும் பேசக்கூடாதென்று அவர் முன்பு சொன்ன ஒரு சொல்லை வகுப்பு ஓராண்டு முழுதும் நிறைவேற்றியிருக்கிறது. அவர் மறந்துவிட்டார்; பிள்ளைகள் மறக்கவில்லை. பிரம்பில்லாத தண்டனை எவ்வளவு ஆழம் போகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை ஒன்றை நான் அறியேன். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் உளவியல் பாடத்துக்கு முன் இதைப் படிக்கச் செய்யலாம்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' பாடப்புத்தகத்துப் படங்களை வைத்துப் பிள்ளைகள் ஆடும் போட்டியோடு தொடங்குகிறது. யார் புத்தகத்தில் படம் மிகுதி என்ற சண்டை, யார் வீட்டில் பட்டுச் சட்டை என்பதற்குத் தாவுகிறது. வறுமை வகுப்பறைக்குள் நுழையும் வழி அதுதான். 'அன்பளிப்பு' கதையில் சாரங்கன் என்னும் சிறுவன், தனக்குக் கிடைக்காத நூலுக்கு ஈடாகத் தானே ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கும் இடத்தை எண்ணிப்பாருங்கள். சுந்தர ராமசாமியின் 'ஸ்டாம்பு ஆல்ப'த்தில் ராஜப்பாவின் ஆல்பத்தை, நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆல்பம் ஒரே நாளில் மதிப்பிழக்கச் செய்கிறது. ராஜப்பா அதைத் திருடுகிறான்; அஞ்சி அடுப்பில் போடுகிறான். அவன் கெட்டவனா? அக்கேள்வியையே கதை பொருளற்றதாக்கிவிடுகிறது. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பறவை முட்டைகளின் பின்னே அலையும் வேங்கடேசுவை மெல்ல மெல்லப் பள்ளியை நோக்கி நகர்த்துகிறது. பள்ளிக்குப் போவது அங்கே வெற்றியாகவும் இழப்பாகவும் ஒருங்கே நிற்கிறது.

இவற்றுள் ஒன்றேனும் சிறுவர்க்கு விளங்காத மொழியில் எழுதப்படவில்லை. 'ஸ்டாம்பு ஆல்பம்' ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பள்ளிப் பாடநூலிலும் ஏறிவிட்டது. ஆகவே, உண்மையைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்ற வாதம் செல்லாது.

நம் ஊரின் கணக்கு

திருச்சிராப்பள்ளி கல்வியால் பெயர்பெற்ற ஊர். சுவார்ட்ஸ் பாதிரியார் 1763-இல் தொடங்கிய வெஸ்ட்ரி பள்ளியை நினைக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து 1883-இல் இங்கே இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரியை நினைக்கலாம். இங்கே நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற மாணவர் 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் படிப்பை விட்டார். பின்னாளில் கல்கியாகிய அவர் எத்தனையோ வீரர்களைப் படைத்தார். பள்ளியை உதறிவிட்டுப் போகும் ஒரு திருச்சி மாணவனை நாயகனாக்கிப் பிள்ளைகளுக்கு ஒரு புதினம் தரவில்லை. என்னவொரு கதையாக அது இருந்திருக்கும்!

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் படித்த சுஜாதா 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' வரிசையில் ரங்கு கடைத் திண்ணையையும், கிரிக்கெட்டையும், 'ஏறக்குறைய ஜீனிய'ஸையும் சாகாவரம் பெறச் செய்தார். அவரிடம் பிள்ளைகள் உண்மையானவர்கள், பேச்சு உண்மையானது. எனினும் அந்தப் பிள்ளைகள் வீதியில்தான் முழுமையாக வாழ்கின்றனர். பள்ளி ஓரமாக வந்து போகிறது. அந்த வீதியும் கோயிலைச் சுற்றிய வீதி. கொள்ளிடக் கரைக் குடிசையிலிருந்து அதே பள்ளிக்கு வந்த பையனின் ஸ்ரீரங்கத்தை எழுத ஒருவர் இனித்தான் வரவேண்டும். சுஜாதா தாம் கண்டதை எழுதினார். காணாததை எழுதவில்லை என்று அவரைக் கேட்பது முறையன்று. கண்டவர்கள் ஏன் எழுதவில்லை என்பதே கேள்வி.

காலை எட்டரை மணிக்கு மன்னார்புரம் சந்திப்பில் சிறிது நின்று பாருங்கள். இலவசப் பயண அட்டையோடு படிக்கட்டில் தொங்கும் மாணவர், தம்பியைக் கையில் பிடித்தபடி சாலை கடக்கும் ஆறாம் வகுப்புப் பெண், மாட்டாத ஜிப்போடு ஒரு புத்தகப்பை. இவர்களுள் பலர் காலையில் உண்ணாமல் வந்தவர்கள். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கி, 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தஞ்சைச் சாலையை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். 2022-இல் காலை உணவும் வந்தது. தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளின் பொது அனுபவம். அந்தத் தட்டு எத்தனை சிறுவர் புதினத்தில் வருகிறது? நான் படித்தவற்றுள் பிள்ளைகள் பெரும்பாலும் டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். அதில் இட்லி இருக்கிறது. தோழனுக்குப் பாதி கொடுத்து ஈகையைக் கற்கிறார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு ஈகைப்பாடம் எந்தக் கதையில் இருக்கிறது? முட்டை போடும் நாளில் வருகை கூடுவதும், வரிசையில் நிற்க வெட்கப்பட்டுப் பசியோடிருக்கும் எட்டாம் வகுப்பு மாணவனும், சமைத்தவரின் சாதியைக் கேட்டுப் பிள்ளையை உண்ணவிடாமல் தடுக்கும் பெற்றோரும் கதையல்லாமல் வேறென்ன?

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசிவிடலாம். 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு' ஒரு பள்ளிக் காட்சியைத் தருகிறது. விளையாட்டாகத் தென்னையில் ஏறிய சிறுமியைத் தேங்காய்த் திருடி என்று தலைமையாசிரியர் சாதி சொல்லி இகழ்கிறார். வகுப்பில் எல்லார் முன்னும் தலைகுனிந்து நிற்கிறாள். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002-இல் கிராமப் பள்ளியிலிருந்து விடுதிவரை ஒரு தலித் மாணவனின் கல்வியை எள்ளலோடும் வலியோடும் சொன்னது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பள்ளிக்கே போகாத, ஆடு மேய்க்கும் பிள்ளைகளைக் காட்டியது. இவை வந்த ஆண்டுகளில் நம் சிறுவர் நூல்களில் பிள்ளைகளுக்குச் சாதியே இல்லை. பெயர்கள் மட்டும் ராமு, ஜான், ரஹீம். மும்மதத் தோழமை ஒரு படமாகத் தொங்கும். ஒரே மதத்துக்குள் கிணறு இரண்டாயிருப்பது தெரியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோது நாடு திடுக்கிட்டது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. மாணவரின் கையில் அந்தக் கயிறு நெடுநாளாகவே இருந்தது. பார்த்தவர் ஆசிரியர், எழுதாதவரும் ஆசிரியரே.

திருத்தவரும் தேவதூதர்கள்

பள்ளியின் குறையை ஒப்புக்கொள்ளும் கதைகளும் ஒரு புதுப் பொய்யைக் கொண்டுவந்தன. அது தனியொரு ஆசிரியர் வந்து யாவற்றையும் சரிசெய்துவிடும் கதை. திரைப்படம் இதில் முந்திக்கொண்டது. 'சாட்டை' 2012-இல், 'ராட்சசி' 2019-இல். பாண்டிராஜின் 'பசங்க' 2009-இல் புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் பகையையும் பட்டப்பெயர்களையும் உயிரோடு காட்டியது. அதனால் அது தனித்து நிற்கிறது. மொழிபெயர்ப்பில் வந்த ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரும், ஜப்பானிய 'டோட்டோ-சா'னும், குஜராத்தியிலிருந்து வந்த கிஜுபாயின் 'பகல் கன'வும் நம் ஆசிரியர் உள்ளங்களில் ஆழப் பதிந்தவை. நானும் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் டோட்டோ-சானின் பள்ளி ஓடாத ரயில்பெட்டிகளில் நடந்த சின்னஞ்சிறு பள்ளி. 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. ஒரு வகுப்பில் எழுபது பேரை வைத்துக்கொண்டு நம் ஆசிரியர் அதைப் படித்துப் பெருமூச்சு விடுகிறார். பெருமூச்சு எழுத்தாக மாறவில்லை.

இரா. நடராசனின் 'ஆயிஷா' அந்தச் சூழலில் ஓர் இடிபோல இறங்கியது. கணையாழியில் குறுநாவலாக வந்து, சிறு நூலாக ஆசிரியர் கைகளில் பரவியது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, அடி வலிக்காமலிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன்மேல் சோதித்து இறந்துபோகிறாள். அதன் உணர்ச்சி மிகை என்று திறனாய்வாளர் சிலர் சொல்வதில் ஓரளவு உண்மையுண்டு. இறந்தால்தான் மாணவியின் கேள்வி செவியேறும் என்றாகிவிடுகிறது. எனினும், ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி அவள் வாயாலேயே சொல்லவைத்த முதல் துணிவு அது. கவனிக்க: அதுவும் ஆசிரியர்களுக்கென்று வாசிக்கப்பட்ட நூலே.

பிள்ளைகளை நோக்கியே பேசத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். சாகித்திய அகாதெமி 2010-இல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப்பரிசு நிறுவியது இவ்வெழுத்துக்கு ஒரு மதிப்பைத் தேடித்தந்தது. அப்பரிசைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் தொல்லையைப் பள்ளிச் சிறுமியின் மொழியிலேயே பேசுகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' மேலே சொன்ன அந்த மணிக்கட்டுக் கயிற்றையே ஒரு சிறுவனின் கேள்வியாக்குகிறது. சில பக்கங்களே கொண்ட நூல். பள்ளிகளுக்குள் வெகுதொலைவு போயிருக்கிறது. இந்நூல்களிலும் அறிவுரை சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கிறது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இடையில் வந்து விளக்கம் சொல்லிப்போவார். இருந்தாலும் வாயில் திறந்திருக்கிறது.

திறந்த வாயிலுக்குள் இன்னும் நுழையாதவை பல. இடைவேளை வரை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் பெண்பிள்ளைகளும் கழிப்பறையும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்பதை மாணவனைத் தவிர எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யும் நாள். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதல்நாள் ஆங்கிலம் கேட்டு வாயடைக்கும் மாணவி. கடைசியில் சொன்னவளை ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பின் பின்வரிசையில் காண்கிறேன். முதலாண்டு மாணவியரிடம், நீங்கள் படித்த பள்ளி எந்தக் கதையிலேனும் வந்திருக்கிறதா என்று கேட்பது என் வழக்கம். அவர்கள் திரைப்படப் பெயர்களைச் சொல்வர், சிலர் சிரிப்பர், நம்ம பள்ளிக்கூடத்தையெல்லாம் யார் எழுதுவார்கள் அம்மா என்று ஒருத்தி ஒருமுறை கேட்டாள்.

கேட்ட அம்மாணவி துறையூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவள். அவள் எழுதிய ஆறு பக்கக் கதை ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. பேருந்து வராத ஒரு தேர்வு நாளில் நான்கு பெண்கள் பால்வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போகிறார்கள்; அவ்வளவுதான் நிகழ்ச்சி. எழுத்துப்பிழைகள் உண்டு, ஒற்று தப்பியிருக்கிறது. ஒருத்தி தாமதமாக வந்ததற்காக வெளியே நிற்கவைக்கப்படுகிறாள். கதையில் யாரும் திருந்தவில்லை. ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி, மற்றெதையும் தொடாமல், வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அவளையே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டால் கடைசிப் பேருந்து கிடைக்கும் என்கிறாள். ஆகவே அவளுக்கு முன்னே கவிதை வாசிக்க இருப்பவர்கள் நேரத்தைச் சற்றே சுருக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.